எக்ஸ்பிரஷனிச விவாதம்: நவீனத்துவ இலக்கியமும் இடதுசாரி அரசியலும்

எக்ஸ்பிரஷனிச விவாதம் என்பது 1937, 1938 ஆண்டுகளில் ஜெர்மானிய மொழி இடதுசாரி எழுத்தாளர்களுக்குள் நடந்த இலக்கிய விவாதம். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த எழுத்தாளர்கள், மாஸ்கோவிலிருந்து வெளிவந்த ‘தாஸ் வோர்ட்’ (பொருள்: சொல்) என்ற ஜெர்மன் மாத இதழில் இதை நடத்தினர். 1920களின் நடுவிலேயே தணிந்துவிட்ட ஒரு கலை இயக்கத்தைப் பற்றிய பேச்சாக அது தொடங்கியது. விரைவிலேயே காஃப்கா, ஜாய்ஸ், டாஸ் பாஸோஸ் போன்றோரின் புதிய எழுத்துமுறைகளை இடதுசாரி இயக்கம் ஏற்கலாமா, மறுக்க வேண்டுமா என்ற கேள்வியாக விரிந்தது.

நவீனத்துவ இலக்கியமும் இடதுசாரி அரசியலும் இயல்பிலேயே ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இந்த விவாதத்தின் வரலாறு அந்த எண்ணத்தை மறுக்கிறது. நவீனத்துவத்தைத் தாக்கியவர்களும் மார்க்சியர்கள், அதைக் காத்து நின்றவர்களும் மார்க்சியர்கள். அதற்கு எதிரான தரப்பு வென்றதற்கு வாதத்தின் வலிமை மட்டும் காரணமல்ல. அத்தரப்பின் பின்னால் ஓர் அரசு இருந்தது.

பின்னணி: எக்ஸ்பிரஷனிசம்

எக்ஸ்பிரஷனிசம் ஏறத்தாழ 1910 முதல் ஜெர்மனியில் உருவான கலை இலக்கிய இயக்கம். பெர்லினில் ஹெர்வார்ட் வால்டன் 1910ல் தொடங்கிய ‘டெர் ஸ்டுர்ம்’ (புயல்), ஃபிரான்ஸ் ஃபெம்ஃபெர்ட் 1911ல் தொடங்கிய ‘டி ஆக்ஷியோன்’ (செயல்) ஆகிய இதழ்கள் இதன் மையங்களாக இருந்தன. புறவுலகை உள்ளபடி வரைவதற்கு மாறாக, அகத்தின் கொந்தளிப்பை வெளிப்படுத்துவதை இவ்வியக்கம் முன்வைத்தது. உடைந்த வாக்கியங்கள், உரத்த அழைப்புகள், கோணலாக்கப்பட்ட உருவங்கள், கனவு போன்ற காட்சிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். முதல் உலகப் போரின் அழிவு இதற்கு மேலும் வேகம் அளித்தது.

இந்த இயக்கத்திலிருந்து வந்தவர்களின் அரசியல் ஒரே திசையில் செல்லவில்லை. நாடக ஆசிரியர் எர்ன்ஸ்ட் டோலர் 1919ல் பவேரிய சோவியத் குடியரசின் தலைவர்களில் ஒருவராக இருந்து ஐந்தாண்டுகள் சிறையில் கழித்தார். கவிஞர் யோஹன்னஸ் பெஹர் கம்யூனிஸ்ட் ஆனார். பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்தை எழுதி, அதன் பண்பாட்டு அமைச்சரானார். மருத்துவரும் கவிஞருமான காட்ஃபிரீட் பென் 1933ல் நாஜி ஆட்சியை வரவேற்றார். தாமஸ் மன்னின் மகனும் எழுத்தாளருமான கிளவுஸ் மன் நாட்டை விட்டு வெளியேறிய பின், இதைக் கேள்விப்பட்டு வேதனையுடன் பென்னுக்குக் கடிதம் எழுதினார். பென் அதற்கு வானொலியில் பதிலளித்தார். நாட்டைவிட்டு ஓடியவர்களுக்குப் புதிய ஜெர்மனியைப் பற்றிப் பேசத் தகுதியில்லை என்பது அப்பதிலின் சாரம்.

நாஜிகள் பென்னையும் நெடுநாள் ஏற்கவில்லை. 1938ல் அவர் எழுதுவது தடை செய்யப்பட்டது. ஆயினும் அவர் 1933ல் எடுத்த நிலைப்பாடு, எக்ஸ்பிரஷனிசத்தின் எதிர்ப்பாளர்களுக்குக் கையில் கிடைத்த சான்றாக அமைந்தது.

லூக்காச்சின் நிலைப்பாடு

விவாதத்தின் ஒரு துருவமாக இருந்தவர் ஹங்கேரிய மார்க்சியத் தத்துவவாதி கியோர்க் லூக்காச் (1885–1971). புடாபெஸ்டில் பிறந்தவர். 1919ல் சில மாதங்களே நீடித்த ஹங்கேரிய சோவியத் குடியரசில் கல்வித்துறைப் பொறுப்பு வகித்தார். 1923ல் வெளியான ‘வரலாறும் வர்க்க உணர்வும்’ என்ற நூலுக்காக அடுத்த ஆண்டே கம்யூனிஸ்ட் அகிலத்தின் கடும் கண்டனத்தைப் பெற்றார். 1933 முதல் 1945 வரை மாஸ்கோவில் வாழ்ந்தார்.

லூக்காச் பிரச்சார எழுத்தின் ஆதரவாளர் அல்ல. 1931, 1932 ஆண்டுகளில் ‘டி லிங்ஸ்குர்வ’ என்ற பெர்லின் கம்யூனிஸ்ட் இலக்கிய இதழில், தொழிலாளர் நாவலாசிரியர் வில்லி பிரெடலின் கதைமாந்தர்கள் உயிரில்லாதவர்கள் என்று விமர்சித்தார். ஆவணங்களையும் செய்திகளையும் அடுக்கி நாவல் எழுதிய எர்ன்ஸ்ட் ஓட்வால்ட்டையும் விமர்சித்தார். அவருக்கு முன்மாதிரிகள் பால்ஸாக்கும் டால்ஸ்டாயும். பால்ஸாக் மன்னராட்சியின் ஆதரவாளர். ஆனால் தன் அரசியல் விருப்பத்தை மீறி, தன் காலச் சமூகத்தின் இயக்கத்தை அவரால் முழுமையாகக் காட்ட முடிந்தது. இத்தகைய முழுமையையே லூக்காச் யதார்த்தவாதம் என்றார்.

1936ல் எழுதிய ‘கதை சொல்வதா, வர்ணிப்பதா’ என்ற கட்டுரையில் அவர் இரண்டு குதிரைப் பந்தயங்களை ஒப்பிட்டார். எமிலி ஸோலாவின் ‘நானா’ நாவலில் வரும் பந்தயம் நுணுக்கமாக வர்ணிக்கப்படுகிறது. ஆனால் அதை நீக்கிவிட்டாலும் கதை பெரிதாக மாறாது. டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில் வரும் பந்தயத்தில் விரான்ஸ்கி கீழே விழுகிறான், அன்னாவின் பதற்றம் அவள் கணவனுக்கு எல்லாவற்றையும் உணர்த்திவிடுகிறது. அங்கு பந்தயம் கதைமாந்தரின் விதியுடன் பிணைந்துள்ளது. வர்ணிப்பு மட்டுமே மிஞ்சும்போது எழுத்தாளன் வாழ்க்கையில் பங்கேற்பவனாக இல்லாமல் வேடிக்கை பார்ப்பவனாகச் சுருங்குகிறான் என்பது லூக்காச்சின் முடிவு. நவீனத்துவத்தை அவர் இந்தச் சுருக்கத்தின் அடுத்த கட்டமாகக் கண்டார்.

எக்ஸ்பிரஷனிசம் பற்றி அவர் 1934ல் விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். எக்ஸ்பிரஷனிஸ்டுகள் முதலாளித்துவத்தை எதிர்த்தது உண்மைதான். ஆனால் அந்த எதிர்ப்பு அருவமானது, போருக்கும் வர்க்கத்துக்கும் உள்ள தொடர்பைக் காணாதது, ஆகவே பாசிசம் எளிதில் பயன்படுத்திக்கொள்ளக் கூடியது என்று அதில் வாதிட்டார்.

1934ஆம் ஆண்டு மாநாடு

1917 புரட்சிக்குப் பின்னான பத்தாண்டுகளில் சோவியத் ஒன்றியம் புதிய கலைவடிவங்களின் களமாக இருந்தது. மயாகோவ்ஸ்கியின் கவிதைகள், மெயர்ஹோல்டின் நாடக அரங்கு, ஐசன்ஸ்டைனின் திரைப்படங்கள், செர்கேய் திரெத்தியாகோவின் ஆவண எழுத்து எல்லாம் அங்கே தோன்றியவை. இடதுசாரி அரசியலும் நவீனத்துவமும் கைகோத்து நடந்த காலம் அது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் இருந்த இளம் எழுத்தாளர்கள் பலர் மாஸ்கோவை நோக்கி ஈர்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1934 ஆகஸ்டில் மாஸ்கோவில் கூடிய சோவியத் எழுத்தாளர்களின் முதல் மாநாடு இந்நிலையை மாற்றியது. கட்சியின் சார்பில் பேசிய ஆந்த்ரே ஸ்தானவ், சோஷலிச யதார்த்தவாதத்தை சோவியத் இலக்கியத்தின் வழிமுறையாக அறிவித்தார். கார்ல் ராடெக் தன் உரையில் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலைப் புழுக்கள் நெளியும் சாணக் குவியலுக்கு ஒப்பிட்டார். ஜெர்மானியப் பதிப்பாளரும் கம்யூனிஸ்டுமான வீலாண்ட் ஹெர்ஸ்ஃபெல்ட அதே மாநாட்டில் ஜாய்ஸுக்காகப் பேசினார். கருத்து வேறுபாட்டுக்கு அப்போதும் சிறிது இடம் இருந்தது.

1936 ஜனவரி 28 அன்று ‘பிராவ்தா’ நாளிதழ் ஷஸ்தகோவிச்சின் ஆபேரா ஒன்றைத் தாக்கி ஆசிரியர் பெயரில்லாத கட்டுரையை வெளியிட்டது. இதன் பின் ‘வடிவவாதம்’ என்பது விமர்சனச் சொல்லாக இருந்த நிலை மாறி, குற்றச்சாட்டாக ஆனது.

விவாதத்தின் தொடக்கம்

‘தாஸ் வோர்ட்’ 1936 ஜூலையில் தொடங்கப்பட்டது. பாசிசத்துக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், தாராளவாதிகள் அனைவரையும் திரட்டும் ‘மக்கள் முன்னணி’ என்ற கொள்கையின் இலக்கிய வெளிப்பாடு அது. அதன் ஆசிரியர்களாக பெர்டோல்ட் பிரெக்ட், லயன் ஃபாய்க்ட்வாங்கர், வில்லி பிரெடல் ஆகிய மூவரின் பெயர்கள் இடம்பெற்றன. பிரெக்ட் டென்மார்க்கிலும் ஃபாய்க்ட்வாங்கர் பிரான்ஸிலும் வசித்தனர். பிரெடல் 1937ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குச் சென்றார். ஆகவே இதழின் அன்றாடப் பணி மாஸ்கோவில் இருந்தவர்களின் கையில் இருந்தது.

1937 செப்டம்பர் இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்று, காட்ஃபிரீட் பென் பற்றி கிளவுஸ் மன் எழுதியது. மற்றொன்று, பெர்ன்ஹார்ட் ஸீக்லர் என்ற புனைபெயரில் ஆல்ஃபிரட் குரெல்லா எழுதியது. எக்ஸ்பிரஷனிசத்தின் உணர்வைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் அது பாசிசத்தில்தான் முடியும் என்றார் குரெல்லா. அவரும் இளமையில் அந்த இயக்கத்தின் தாக்கத்தில் இருந்தவரே.

இதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, 1937 ஜூலை 19 அன்று, நாஜிகள் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்ற கண்காட்சியைத் திறந்திருந்தனர். ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்யப்பட்ட ஏறத்தாழ 650 நவீனப் படைப்புகள் அங்கு கேலிக்குரியவையாக மாட்டப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி எக்ஸ்பிரஷனிஸ்டுகளுடையவை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தனர். பாசிசத்தின் முன்னோடி என்று மாஸ்கோவில் குற்றம்சாட்டப்பட்ட கலை, மியூனிக்கில் போல்ஷ்விக் கலை என்று குற்றம்சாட்டப்பட்டது. இந்த முரண்பாடே பலரை எழுதத் தூண்டியது. ‘டெர் ஸ்டுர்ம்’ இதழின் நிறுவனரும் அப்போது மாஸ்கோவில் வாழ்ந்தவருமான ஹெர்வார்ட் வால்டன் எக்ஸ்பிரஷனிசத்துக்கு ஆதரவாக எழுதினார்.

புளோக்கும் லூக்காச்சும்

எக்ஸ்பிரஷனிசத்துக்கு ஆதரவான வலுவான வாதம் மார்க்சியத் தத்துவவாதி எர்ன்ஸ்ட் புளோக்கிடமிருந்து 1938ல் வந்தது. லூக்காச்சின் இளமைக்கால நண்பர் அவர். எக்ஸ்பிரஷனிசத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்பவர்கள் அதன் ஓவியர்களை ஏன் பார்க்கவே இல்லை என்று புளோக் கேட்டார். முன்னுரைகளையும் அறிக்கைகளையும் வைத்து ஓர் இயக்கத்தை எடைபோட முடியாது என்றார். அடுத்து அடிப்படையான கேள்விக்கு வந்தார். யதார்த்தம் என்பது இடைவெளி இல்லாத முழுமை என்று லூக்காச் முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறார்; யதார்த்தமே உடைந்து கிடக்கும் காலத்தில் அந்த உடைவைக் காட்டும் கலையை எப்படிச் சீரழிவு என்று ஒதுக்க முடியும்?

லூக்காச் 1938 ஜூன் இதழில் ‘பிரச்சினை யதார்த்தவாதம் பற்றியது’ என்ற பொருள்படும் தலைப்பில் பதிலளித்தார். முதலாளித்துவ நெருக்கடியில் வாழ்க்கை துண்டு துண்டாகத் தோன்றுகிறது என்பதை அவர் மறுக்கவில்லை. அது தோற்றம் மட்டுமே என்றார். வங்கி, தொழிற்சாலை, சந்தை யாவும் முன்னெப்போதையும் விட நெருக்கமாகப் பிணைந்திருப்பதால்தான் ஓரிடத்து நெருக்கடி எல்லா இடங்களையும் உலுக்குகிறது. தோற்றத்தை அப்படியே பதிவு செய்யும் எழுத்தாளர் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறார். வெவ்வேறு துண்டுகளை வெட்டி ஒட்டும் மான்டேஜ் உத்தி ஒரு நகைச்சுவைப் படத்துக்குப் பொருந்தலாம், உலகைக் காட்டும் முறையாக அது சலிப்பையே தரும் என்றார். மேலும், பாசிசத்துக்கு எதிராகப் பெருந்திரளான மக்களைத் திரட்ட வேண்டிய நேரத்தில் அவர்களால் படிக்க முடியாத எழுத்தால் என்ன பயன் என்றும் கேட்டார்.

இரு தரப்பு வாதத்திலும் வலு உண்டு. புளோக் நவீன வாழ்வின் அனுபவத்திலிருந்து பேசினார். லூக்காச் அந்த அனுபவத்தின் பின்னிருக்கும் அமைப்பிலிருந்து பேசினார். 1938 ஜூலையில் குரெல்லா இறுதியுரை எழுதினார். தன் தொடக்கக் கூற்றை ஓரளவு தளர்த்திக்கொண்டு விவாதத்தை முடித்துவைத்தார்.

அன்னா ஸேகர்ஸின் கடிதங்கள்

பாரிஸில் வசித்த கம்யூனிஸ்ட் நாவலாசிரியர் அன்னா ஸேகர்ஸ், 1938, 1939 ஆண்டுகளில் லூக்காச்சுடன் கடிதம் வழி உரையாடினார். படைப்பாளியின் தரப்பிலிருந்து எழுந்த கேள்விகள் அவை. முழுமையான பார்வை என்பது நீண்ட முயற்சியின் முடிவில் வருவது. யதார்த்தம் முதலில் ஓர் அதிர்ச்சியாகவே எழுத்தாளரை வந்து தாக்குகிறது. அந்த நேரடி அனுபவத்தை இழந்துவிட்டுப் பெறும் முழுமை வெறும் முறைமையாக முடியும் என்றார். நெருக்கடிக் காலங்களில் எழுதியவர்களிடம் உடைந்த வடிவங்களையே காண்கிறோம் என்று, ஜெர்மன் இலக்கியத்தில் முழுமையை எட்டாமல் நொறுங்கிப்போன கிளைஸ்ட், ஹோல்டர்லின் முதலானோரைச் சுட்டினார். லூக்காச் மதிப்புடன் பதிலளித்தார், நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

பிரெக்ட்டின் வெளிவராத கட்டுரைகள்

லூக்காச்சுக்கு மிக விரிவான மறுப்பை எழுதியவர் ‘தாஸ் வோர்ட்’ இதழின் ஆசிரியர்களில் ஒருவரான பிரெக்ட் தான். டென்மார்க்கின் ஸ்வென்போர்க் அருகே வாழ்ந்தபோது 1938ல் அவர் யதார்த்தவாதம், வெகுமக்கள்தன்மை ஆகியவற்றைப் பற்றி ஒரு கட்டுரை வரிசையை எழுதினார். அவை அந்த இதழில் வெளிவரவில்லை.

பிரெக்ட்டின் வாதத்தை நான்கு கருத்துகளாகத் தொகுக்கலாம். ஒன்று, யதார்த்தவாதம் என்பது ஒரு நடையோ வடிவமோ அல்ல. சமூகத்தின் காரண காரியங்களை வெளிக்கொண்டுவரும் நோக்கம். ஒரு படைப்பு யதார்த்தமானதா என்று அறிய அதை யதார்த்தத்துடன் ஒப்பிட வேண்டும், முந்தைய நாவல்களுடன் அல்ல. இரண்டு, பால்ஸாக்கின் உத்திகள் அவருடைய காலத்து முதலாளித்துவத்தைக் காட்டப் பிறந்தவை. யதார்த்தம் மாறும்போது அதைக் காட்டும் முறையும் மாறியாக வேண்டும். மூன்று, ஒரு நூற்றாண்டின் நாவல் வடிவத்தை எல்லாக் காலத்துக்கும் அளவுகோலாக வைப்பதே வடிவவாதம். அதாவது மற்றவர்களை வடிவவாதிகள் என்று சொல்லும் லூக்காச்சே வடிவவாதி. நான்கு, தொழிலாளர்கள் புதுமையைக் கண்டு அஞ்சுவதில்லை. தன் நாடக அரங்க அனுபவத்தில், உண்மையைச் சொல்ல உதவிய எந்தத் துணிச்சலான உத்தியையும் அவர்கள் ஏற்றுக்கொண்டதைக் கண்டதாக எழுதினார்.

இதன் பின்னணியில் அவருடைய சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 1920களில் சிகாகோ கோதுமைச் சந்தையைப் பற்றி நாடகம் எழுத முயன்றார். தானியத்தின் விலை எப்படி முடிவாகிறது என்பதை யாராலும் அவருக்கு விளக்க முடியவில்லை. நாடகம் முடிவடையாமல் நின்றது. அந்தத் தேடலே அவரை மார்க்ஸைப் படிக்க வைத்தது. ஒரு குடும்பத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் நாவல் வடிவத்தால் பங்குச் சந்தையைக் காட்ட முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். அவரைப் பொறுத்தவரை நவீன உத்திகள் மார்க்சியத்துக்கு எதிரானவை அல்ல. மார்க்சியப் பார்வைக்குத் தேவைப்பட்ட கருவிகள்.

1938 கோடையில் அவருடன் தங்கியிருந்த வால்டர் பெஞ்சமின், பிரெக்ட் லூக்காச்சையும் குரெல்லாவையும் பற்றிப் பேசியதைத் தன் குறிப்பேட்டில் பதிவு செய்துள்ளார். படைப்பு என்பது முன்கூட்டி அறிய முடியாதது, அதனால்தான் அவர்கள் அதை அஞ்சுகிறார்கள், தாம் படைக்காமல் பிறரைக் கண்காணிக்க விரும்புகிறார்கள் என்பது அப்பேச்சின் சாரம். ஆனால் பிரெக்ட் இதைப் பொதுவெளியில் சொல்லவில்லை.

விவாதம் நடந்த சூழல்

பிரெக்ட்டின் மௌனத்தைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டுகளில் மாஸ்கோவில் நடந்தவற்றைக் காண வேண்டும். பிரெக்ட்டின் நாடகங்களை ரஷ்ய மொழியில் தந்த அவருடைய நண்பர் திரெத்தியாகோவ் 1937 ஜூலையில் கைது செய்யப்பட்டு செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். எக்ஸ்பிரஷனிசம் பற்றிய முதல் கட்டுரைகள் வெளியானது அதே மாதத்தில். ‘மூன்று பென்னி ஆபேரா’ திரைப்படத்தின் நாயகி கரோலா நேஹர் 1936ல் கைதாகி 1942ல் சிறையில் நோயுற்று இறந்தார். லூக்காச் 1932ல் விமர்சித்த ஓட்வால்ட், பிரெக்ட்டுடன் இணைந்து திரைக்கதை எழுதியவர். 1936ல் கைதாகி 1943ல் முகாமில் இறந்தார். மெயர்ஹோல்ட் 1940 பிப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். விவாதத்தில் எக்ஸ்பிரஷனிசத்துக்காக எழுதிய வால்டன் 1941ல் கைதாகி அதே ஆண்டு சாரதோவ் சிறையில் இறந்தார். ஜாய்ஸைத் தாக்கிய ராடெக்கும் 1936ல் கைதாகி 1939ல் சிறையில் உயிரிழந்தார்.

இவர்கள் அனைவரும் இலக்கியக் கருத்துக்காக மட்டும் கொல்லப்பட்டவர்கள் அல்லர். ஸ்டாலினின் களையெடுப்பு லட்சக்கணக்கானோரை விழுங்கியது. அதில் எந்தக் கலைக்கொள்கையும் பாதுகாப்பு அளிக்கவில்லை. லூக்காச்சும் 1941ல் சில காலம் கைதில் இருந்தார். ஆனால் ‘வடிவவாதி’ என்ற சொல் காவல்துறை ஆவணத்திலும் இடம்பெறக்கூடிய சூழலில், இலக்கிய இதழில் அச்சாகும் அதே சொல்லுக்கு வேறு எடை வந்துவிடுகிறது. தன் விமர்சனம் எங்கு சென்று சேரும் என்பதை விமர்சகரால் தீர்மானிக்க முடிவதில்லை. டென்மார்க்கில் பாதுகாப்பாக இருந்த பிரெக்ட்டும், பாசிசத்துக்கு எதிரான ஒரே வல்லரசு சோவியத் ஒன்றியம் என்று நம்பியதால், அதைப் பலவீனப்படுத்த விரும்பவில்லை. ‘தாஸ் வோர்ட்’ 1939 மார்ச்சில் நின்றுபோனது.

போருக்குப் பின்

போருக்குப் பின் பிரெக்ட் கிழக்கு பெர்லினில் குடியேறினார். 1951 மார்ச்சில், ஆளும் கட்சி வடிவவாதத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றிய அதே மாதத்தில், அவர் எழுதி பவுல் டெஸ்ஸாவ் இசையமைத்த லுக்குல்லஸ் பற்றிய ஆபேரா மேடையேறியவுடன் நிறுத்தப்பட்டது. திருத்தங்களுக்குப் பின் அது அக்டோபரில் மீண்டும் அரங்கேறியது. பிரெக்ட் 1956 ஆகஸ்டில் இறந்தார். லூக்காச்சுக்கு எதிரான அவருடைய கட்டுரைகளில் பெரும்பாலானவை அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1960களின் நடுவில்தான் நூலாக வெளிவந்தன. விவாதத்தின் முக்கியமான பதில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்தது.

லூக்காச்சின் வாழ்க்கையும் எளிதாக இல்லை. 1956ல் ஹங்கேரியில் எழுந்த மக்கள் எழுச்சியின்போது இம்ரே நாகியின் அரசில் பண்பாட்டு அமைச்சராக இருந்தார். சோவியத் படை எழுச்சியை ஒடுக்கிய பின் ருமேனியாவுக்குக் கடத்தப்பட்டு 1957ல்தான் திரும்ப முடிந்தது. 1958ல் மேற்கு ஜெர்மனியில் வெளியான அவருடைய நூல், சோஷலிச யதார்த்தவாதத்தின் குறைகளையும் ஸ்டாலின் காலத்தையும் விமர்சித்தது. அதே நூல் காஃப்காவா, தாமஸ் மன்னா என்று கேட்டு மன்னையே தேர்ந்தெடுத்தது. அரசியலில் அவர் நெடுந்தூரம் நகர்ந்திருந்தார். இலக்கிய ரசனையில் ஏறத்தாழ 1938ல் நின்ற இடத்திலேயே நின்றார்.

காஃப்கா மாநாடு

விவாதத்தின் அடுத்த கட்டம் செக்கோஸ்லோவாக்கியாவில் நிகழ்ந்தது. காஃப்கா பிராக் நகரில் பிறந்து வாழ்ந்தவர். ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சியில் நெடுங்காலம் அவர் சீரழிவு எழுத்தாளராகவே கருதப்பட்டார். 1963 மே மாதம், அவருடைய எண்பதாம் பிறந்த ஆண்டை ஒட்டி, பிராக் அருகே லிப்லிஸ் என்ற இடத்தில் காஃப்கா பற்றிய மாநாடு கூடியது. முன்னின்று நடத்தியவர் எடுவார்ட் கோல்ட்ஸ்டூக்கர். கம்யூனிஸ்ட், ஸ்டாலின் காலத்தில் பொய் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுப் பின் விடுவிக்கப்பட்டவர். காரணம் சொல்லப்படாமல் கைது செய்யப்படும் ஒருவனின் கதையான ‘விசாரணை’ அவருக்கு முதலாளித்துவச் சீரழிவின் ஆவணமாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிரான்ஸின் ரோஜர் கரோடி, ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஃபிஷர் ஆகிய மார்க்சியர்கள் அங்கு காஃப்காவுக்கு ஆதரவாகப் பேசினர். காஃப்கா காட்டும் அந்நியமாதல் சோஷலிச நாடுகளிலும் உண்டா என்பதே மாநாட்டின் மையக் கேள்வியானது. கிழக்கு ஜெர்மானியப் பிரதிநிதிகள் இல்லை என்றனர். மாநாட்டுக்குப் பின் கரோடிக்குக் கடுமையான மறுப்பு எழுதியவர், 1937ல் விவாதத்தைத் தொடங்கிவைத்த அதே ஆல்ஃபிரட் குரெல்லா.

1968ல் பிராக் வசந்தம் எனப்படும் சீர்திருத்தக் காலத்தில் கோல்ட்ஸ்டூக்கர் எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்தார். ஆகஸ்டில் வார்சா ஒப்பந்தப் படைகள் நுழைந்ததும் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்து சென்றார். பிராக்கில் நிகழ்ந்த ‘எதிர்ப்புரட்சி’யின் தொடக்கம் லிப்லிஸ் மாநாடே என்று கிழக்கு ஜெர்மனியில் குற்றம்சாட்டப்பட்டது. ஒரு நாவலாசிரியரைப் பற்றிய இரண்டு நாள் கருத்தரங்குக்கு அத்தனை பெரிய இடத்தை அதன் எதிரிகளே அளித்தனர்.

தமிழ்ச் சூழல்

இந்த விவாதத்தின் முக்கியக் கட்டுரைகள் 1977ல் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டன. ஆனால் அதற்கு முன்பே தமிழிலும் உருவமா உள்ளடக்கமா என்ற வடிவில் ஒத்த விவாதம் நடந்தது. சி.சு. செல்லப்பா 1959ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய பின், முற்போக்கு முகாமும் சிற்றிதழ் முகாமும் எதிரெதிராக நின்றன. இலங்கை மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி 1968ல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலை வெளியிட்டார். வெங்கட் சாமிநாதன் அதற்கு ‘மார்க்சின் கல்லறையிலிருந்து ஒரு குரல்’ என்ற கட்டுரையில் எதிர்வினையாற்றினார். தமிழில் இரு தரப்பும் கடுமையாக எழுதிக்கொண்டன. இரண்டின் வாதங்களும் உடனுக்குடன் அச்சில் வந்தன. வாசகர்கள் இரண்டையும் படித்துத் தங்கள் முடிவை எடுக்க முடிந்தது. மாஸ்கோ விவாதத்துக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

மதிப்பீடு

எக்ஸ்பிரஷனிச விவாதம் எழுப்பிய கேள்விகள் இன்னும் உயிருடன் உள்ளன. சமூகத்தின் முழுமையைக் காட்டும் பொறுப்பு இலக்கியத்துக்கு உண்டு என்ற லூக்காச்சின் கோரிக்கையை எளிதில் தள்ளிவிட முடியாது. உத்திக்காகவே உத்தியைப் பயன்படுத்தும் எழுத்தைக் கண்டு சலிப்படைந்த எவருக்கும் அவருடைய வாதத்தின் நியாயம் புரியும். மாறும் உலகுக்குப் பழைய வடிவங்கள் போதாது என்ற பிரெக்ட்டின் பதிலும் அதே அளவு வலிமையானது. இவ்விரண்டும் மார்க்சியத்துக்குள் இருந்தே எழுந்தவை. ஆகவே ‘இடதுசாரிகள் நவீனத்துவத்தை மறுத்தனர்’ என்ற ஒற்றை வரி வரலாற்றுக்குப் பொருந்தாது.

மறுத்தது, ரசனையைக் கொள்கையாகவும் கொள்கையை ஆணையாகவும் மாற்றிய கட்சி அரசு. அந்த மாற்றம் நிகழ்ந்த பின் லூக்காச்சின் வாதத்துக்கும் இழப்பே நேர்ந்தது. எதிர்த்தரப்பின் சிறந்த பதிலைச் சந்திக்கும் வாய்ப்பு அதற்கு உரிய காலத்தில் அமையவில்லை. பிரெக்ட்டின் கட்டுரைகள் 1938லேயே அச்சேறியிருந்தால் லூக்காச் அவற்றுக்கு என்ன பதில் எழுதியிருப்பார் என்பது மார்க்சிய அழகியலில் நிரப்பப்படாத பக்கமாகவே எஞ்சியுள்ளது.